ஐஸ்காரன் சிப்ரிக்கு எத்தனையாவது இடம்?

எர்மோசியோ, சொனோரா
ஜூன் 12, 1984, செவ்வாய், பிற்பகல்

தலைநகரில் வீற்றிருந்து "கயிறும் கையுறையும்" குத்துச்சண்டை வார இதழை ஒரு வாரமும் தவறாமல் நடத்திவரும் ஆசிரியப் பெருந்தகை தோன் அனாக்லேத்தோ ரிவதெனெய்ரா அவர்களுக்கு, எர்மோசியோ அரங்கத்தின் மணிக்காரன் இலாரியோ போஹோர்கேஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு எழுதுவது.

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அட்டையில் தங்கள் வயிற்றுப்புண்ணைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது இதற்குள் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து அது மறுபடியும் திறந்துகொண்டால் அதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாற்பத்து நாலு டிகிரி. மின்விசிறி சுடுகாற்றைத்தான் வீசுகிறது. நானும் என் மனைவி எர்லிண்டாவும் கால்களைத் தண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறோம்.

சுற்றி வளைப்பது எனக்குப் பிடிக்காது. இந்த அரையாண்டுத் தரவரிசைப் பட்டியலில், பாண்டம்வெயிட் பிரிவுக்கான என் ஓட்டைத் தாங்கள் எண்ணக் கூடாது. எண்ணினால் பன்னிரண்டாம் விதி மீறப்படும். எண்ணாவிட்டால் ஐஸ்காரன் சிப்ரி பட்டியலுக்குள் வரமாட்டான். இரண்டும் தெரிந்தேதான் எழுதுகிறேன். அடுத்த அறையிலிருந்து எர்லிண்டா மூன்று முறை சொல்லிவிட்டாள், "அதைக் கிழிச்சுப் போடுங்க. யாரும் உங்களக் கேக்கல, எதுக்கு நீங்களா போயி மாட்டிக்கிறீங்க?" என்று. கேட்கவில்லைதான். கேட்காததால்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

வடமேற்கில் தங்களுக்காக ஓட்டுப் போடுகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேராவது ஒருவனுக்குப் பத்துக்குள் இடம் கொடுத்தால்தான் அவன் பெயர் நாட்டின் பட்டியலில் ஏறும். மருந்துக்கடை ஒனோப்ரே இவனுக்கு எட்டு கொடுத்திருக்கிறார். உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சி வாத்தியார் பத்து கொடுத்திருக்கிறார், அதுவும் முனகிக்கொண்டே. ரேடியோ தாச்சோவும் முடிதிருத்தும் பெர்னாபேயும் இடமே கொடுக்கவில்லை. இரண்டுக்கு இரண்டு. மிச்சம் என் ஓட்டு ஒன்றுதான். சனிக்கிழமை பட்டியல் மூடுகிறது. உள்ளே வந்தால், நாலாவது இடத்தில் இருக்கிறவனோடு ஆகஸ்டில் தலைநகரில் பத்து ரவுண்டு சண்டை என்று சிப்ரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, குவாய்மாஸில் மாமனாரின் இறால் படகில் ஏறிவிடுவதாக மனைவிக்கு அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். குழந்தை பிறந்த அன்று கொடுத்த வாக்கு. அவன் சொன்ன வார்த்தையிலிருந்து நகர்கிற ஆள் இல்லை.

சிப்ரியானோ புய்த்திமேயாவைத் தங்களுக்குத் தெரிந்திருக்காது. இருபத்திரண்டு வயது. ஐஸ் தொழிற்சாலையில் வேலை. விடிந்ததும் சாக்குப் போட்ட தோளில் ஐஸ் பாளத்தைத் தூக்கிக்கொண்டு மீன்கடைகளின் மாடிப்படி ஏறுகிறவன். பதினாறு சண்டை, பதினாறு வெற்றி, பதினாறும் நாக்-அவுட். நாலாவது ரவுண்டைத் தாண்டி ஒருவனும் நின்றதில்லை. முப்பத்தொரு வருடமாக மணியடிக்கிற எனக்கு அவன் சண்டையில் வேலையே இருப்பதில்லை. தொடங்க ஒரு தடவை அடிப்பேன், முடிக்க அடிப்பதற்குள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சரி, பதினாறு நாக்-அவுட்டை வைத்துக்கொண்டு ஒருவனை எங்கே நிறுத்துவது? இதுதான் எங்கள் ஐந்து பேருக்கும் ஆறு மாதமாகத் தகராறு. தாச்சோ ஒலிபெருக்கி இல்லாமலேயே தெருக்கோடிவரை கேட்கிற குரலில் சொல்வார், "அவன் படுக்க வச்ச பதினாறு பேர்ல பத்து பேரு வரும்போதே தூங்கிட்டுதான் வந்தான்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒருவர் ரொட்டிக்கடைக்காரர், விடியற்காலையிலிருந்து அடுப்பில் நின்றுவிட்டு நேராக ரிங்குக்கு வந்தவர். இன்னொருவருக்கு முப்பத்தொன்பது வயது, பேரன் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். மூன்றாவது ஆள் எடை குறைக்க இரண்டு நாள் தண்ணீர் குடிக்காதவர். குத்து விழுந்ததும் அவர் "தண்ணி" என்று மட்டும்தான் சொன்னார். ஆனால் மிச்சம் ஆறு பேர் நல்ல ஆட்கள், தோன் அனாக்லேத்தோ. அவர்களும் விழுந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கித்தான் விழுந்தார்கள். வலது விலாவுக்குக் கீழே, ஈரலில், இடது கையால்.

அந்தக் குத்தின் சத்தத்தை நான் நன்றாக அறிவேன். லாரியிலிருந்து மாவு மூட்டையை இறக்கிப் போடுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு நொடி ஒன்றும் நடக்காது. ஈரல் மெதுவாகத்தான் தந்தி கொடுக்கும். தந்தி மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு முழங்கால்களும் பலகையில் மோதுகிற சத்தம் கேட்கும். நான் எண்ண ஆரம்பிப்பேன். பத்துவரை எண்ணி முடிப்பேன். ஒருவரும் எழுந்ததில்லை.

சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேனே, கண்ணால் பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். பார்க்கவில்லை. எப்படியும் என் ஓட்டு போகப்போகிறது, இதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். 1961-ல் ஒரு சண்டையில் ஸ்டாப்வாட்ச்சிலிருந்து தலையைத் தூக்கிவிட்டேன். அவ்வளவு நல்ல சண்டை. மூன்று நிமிடம் முடிந்து பதினோரு நொடி கழித்துத்தான் மணியடித்தேன். அந்தப் பதினோரு நொடிக்குள் நவொஹோவாவிலிருந்து வந்த பையன் ஒருவன் நாக்-அவுட் ஆனான். மணி சரியாக அடித்திருந்தால் அவன் மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருப்பான். அதன் பிறகு அவன் ரிங் ஏறவே இல்லை. அன்றிலிருந்து சண்டை நடக்கும்போது நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. ஆகவே பத்தொன்பது வருடமாகத் தங்களுக்கு நான் அனுப்பிய முப்பத்தெட்டுப் பட்டியலும் காதால் கேட்டு எழுதியவை. முப்பத்து நாலு வருடம் தந்தி ஆபீசில் கருவியின் கட் கடா சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது, அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தாங்கள் தெரிந்துகொள்வது நியாயம்.

இதில் சிப்ரிக்கு நஷ்டம் என்னவென்றால், முக்கியமான ஒரு விஷயத்தை நான் பார்க்கவில்லை. போன மாதம் லோஸ் மோச்சிஸிலிருந்து வந்த ஒரு பழைய கை, நாற்பது சண்டை போட்டவன், மூன்றாவது ரவுண்டில் சிப்ரியின் தாடையில் சரியாக ஒன்று கொடுத்தான். பதினாறு சண்டையில் சிப்ரி வாங்கிய ஒரே முழு அடி அதுதான். முழங்கால் மடங்கியது என்கிறார் தாச்சோ. ஈரப் பலகையில் வழுக்கியது என்கிறார் ஒனோப்ரே. கண்ணை மூடித் திறந்தான் என்கிறார் வாத்தியார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நொடி கழித்து மாவு மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. மோச்சிஸ்காரனை எண்ணி அனுப்பினேன். அந்த எட்டு நொடியில் என்ன நடந்தது என்பதில்தான் அவன் எத்தனையாவது இடம் என்பதே இருக்கிறது. அதைப் பார்க்காத நீதிபதி நான் ஒருவன்தான்.

இப்போது ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். சிப்ரியின் தாயார் தோன்யா தெல்ஃபினா என்றால் எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். முழங்கைவரை விரிகிற கோதுமை ரொட்டியைக் கையிலேயே வீசி வீசிப் போடுகிற அம்மாள். தோளைப் பார்த்தால் பையனுக்கு அந்த இடது கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். போன வாரம் வீட்டுக்கு வந்து, "தோன் இலாரியோ, பேரனுக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். மெழுகுவர்த்தி உங்க பொறுப்பு" என்றார். கேட்கவில்லை, சொன்னார். எங்கள் ஊரில் ஞானஸ்நானம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், ஏற்றவர் அந்த வீட்டுக்குக் கொம்பாத்ரே, ரத்தச் சொந்தத்துக்கு ஒரு படிகூடக் குறையாத சொந்தம். முடியாது என்று சொன்னவர் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மெழுகுவர்த்திதானே என்று தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்குப் போனால், கறுப்புக் கோட்டு போட்ட தாச்சோ மூன்றடுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அந்த வெயிலில் மேலடுக்கு கீழடுக்குக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒனோப்ரே, பின்னால் பெரிய குழல் ஊதுகிற ஆளோடு ஒரு வாத்தியக்குழு. பெர்னாபே கையில் குழந்தையின் வெள்ளை உடுப்பும் குல்லாவும். உடற்பயிற்சி வாத்தியார் வண்டியிலிருந்து நாற்காலி இறக்குகிறார். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நீங்களுமா?" என்றார் தாச்சோ. "மெழுகுவர்த்தி மட்டும்" என்றேன்.

அன்று காலை மட்டும் பதினாலு குழந்தைகள். பங்குச்சாமியார் வியர்வையில் நனைந்து, பெயர்களை ஒன்றோடொன்று ஒட்டி முணுமுணுத்துக்கொண்டு போகிறார். எங்கள் முறை வந்ததும் தோன்யா தெல்ஃபினா குழந்தையைக் கொண்டுவந்து, "ஞானத்தகப்பன் தூரத்துல இருக்காரு, வர முடியல. நீங்க புடிச்சுக்கோங்க" என்று என் கையில் வைத்துவிட்டார். சிப்ரிக்குப் பஸ் ஓட்டுகிற மைத்துனன் ஒருவன் உண்டு, வழியில் வண்டி நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உடனே மற்ற நாலு பேரும், "நான் புடிக்கிறேன்", "எனக்குப் புள்ள தூக்கிப் பழக்கம்", "இந்தக் கேக்க நீங்க வாங்கிக்கோங்க, புள்ளய இப்படிக் குடுங்க" என்று நெருக்கினார்கள். நான் விடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் குழந்தை இல்லை, அந்த மாதிரி கனம் ஒன்று கையில் இருந்தது நன்றாக இருந்தது. தலையில் தண்ணீர் பட்டதும் அவன் அலறினான் பாருங்கள். பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து நொடி. அப்பன் சண்டைகள் பலவற்றைவிட நீளம்.

விருந்து தெல்ஃபினா வீட்டு முற்றத்தில். மிளகாயில் வெந்த மாட்டிறைச்சி, பீன்ஸ், ரொட்டி, உருகிய கேக். எங்கள் ஐந்து பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். இரண்டாவது கோப்பை இறங்கியதும் தாச்சோ வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "எல்லாம் சரி, பையன் தாடை எப்படின்னு யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு அடி வாங்கியிருக்கான், அதுக்கே கால் மடங்கிருச்சு." இறைச்சி பரிமாறிக்கொண்டிருந்த தோன்யா தெல்ஃபினா கரண்டியோடு நின்றார். "தாடையா? இருபத்திரண்டு வருசமா இந்தக் கையால அடி வாங்குறான். ஒரு நாள் விழுந்ததில்ல. உங்களுக்குச் சந்தேகம்னா நீங்க ஒண்ணு வாங்கிப் பாக்குறீங்களா, கொம்பாத்ரே?" தாச்சோ அவசரமாக இன்னொரு ரொட்டியை எடுத்தார். இதை ஒரு சாட்சியமாகவே தங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

அப்புறம் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இனிமே நீங்க அஞ்சு பேரும் எங்க வீட்டு ஆளுங்க. வீட்டுப் புள்ளய பத்துக்கு வெளிய நிறுத்திருவீங்களா, நிறுத்துங்க பாப்போம்."

அவருடைய திட்டம் அதுதான். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தத் திட்டத்தில் குற்றம் சொல்லமாட்டார்கள். காரியம் ஆகவேண்டிய இடத்தில் சொந்தம் பண்ணிக்கொள்வதுதானே முறை. ஆனால் நான் ரொட்டியைத் தட்டில் வைத்தேன். "பன்னிரண்டாம் விதி" என்றேன். ஒருவருக்கும் நினைவில்லை. நான்தான் மனப்பாடமாகச் சொன்னேன்: ஒரு வீரனுடைய குடும்பத்தோடு ரத்தத்தாலோ, கோயில் முறைப்படி ஞானத்தகப்பன் உறவாலோ சம்பந்தப்பட்டவர் அவனைப் பற்றி ஓட்டுப் போடக் கூடாது. வாத்தியக்குழுவின் பெரிய குழல் மட்டும் பூம் பூம் என்றது. தோன்யா தெல்ஃபினாவின் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஐந்து ஓட்டும் போனால் பட்டியலில் சிப்ரியின் பெயர் பரிசீலனைக்கே வராது. காலையில் குழந்தையைப் பிடிக்க முட்டி மோதிய ஆட்கள் இப்போது ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "கேக்கு என்னுதுன்னு யாரு சொன்னா? வாசல்ல யாரோ கையில குடுத்தாங்க" என்றார் தாச்சோ. பெர்னாபே, "உடுப்பு எங்க அக்கா வாங்குனது. நான் குல்லா மட்டும்தான்" என்றார். வாத்தியார், நாற்காலியெல்லாம் சொந்தத்தில் சேராது என்றார். அந்த நேரம் பார்த்து பங்குச்சாமியார் சாப்பாட்டை மந்திரிக்க வந்தார். அன்று அவருக்கு ஆறு விருந்து, இது நாலாவது. பிடித்து உட்கார வைத்துக் கேட்டோம். அவர் வாய் நிறைய ரொட்டியோடு சட்டம் சொன்னார். "தொட்டிகிட்ட புள்ளய ஏந்துறவரு மட்டும்தான் கோயில் முறைப்படி ஞானத்தகப்பன். மெழுகுவர்த்தி, கேக்கு, தாரை தப்பட்டை எல்லாம் விருந்துக்கு அழகு, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ஐந்தாவது விருந்துக்குப் போய்விட்டார்.

நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓட்டில்லாதவன் நான் ஒருவன்தான். இரண்டுக்கு இரண்டு. சிப்ரி வெளியே. தாச்சோகூட, அவருக்கும் மனசாட்சி இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன், என் தோளில் கை போட்டு, "நான் இடம் குடுக்கல, குடுக்கவும் மாட்டேன். ஆனா நீங்க புள்ளயப் புடிச்சத என் வாயால சொல்லமாட்டேன். உங்க ஓட்ட நீங்க போடுங்க" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவரும் சொல்லமாட்டார்கள். தங்களுக்குத் தெரியவே வராது.

முற்றத்தின் மூலையில் தொட்டி நிறைய ஐஸ் போட்டு, சிப்ரி ஊசியால் உடைத்துக்கொண்டிருந்தான். தன் பிள்ளையின் விருந்துக்கும் அவன்தான் ஐஸ்காரன். போய்ப் பக்கத்தில் நின்றேன். நடந்தது அவன் காதிலும் விழுந்திருந்தது. "பரவாயில்ல தோன் இலாரியோ" என்றான். "இறால் படகுலயும் ஐஸ் வேணும்ல." ஏதாவது பேச வேண்டுமே என்று, மோச்சிஸ்காரன் அடித்த பிறகு அந்த எட்டு நொடி என்ன நடந்தது என்று கேட்டேன்.

அவன் யோசித்துச் சொன்னான். "அடி விழுந்ததும் மணி அடிச்சுது. நீங்கதான் அடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். ரவுண்டு முடிஞ்சுதுன்னு மூலைக்கித் திரும்பப் போனேன். ஆனா மணி நிக்கவே இல்ல. நீங்கன்னா ஒரே ஒரு தடவதான அடிப்பீங்க, அதுவும் வெட்டுன மாதிரி. அப்பதான் புரிஞ்சுது, இது என் மண்டைக்குள்ள அடிக்குது, சண்டை இன்னும் நடக்குதுன்னு. மணி ஓயட்டும்னு அவனச் சுத்தி நாலு எட்டு வச்சேன். அவன் முடிச்சுரலாம்னு கைய விரிச்சுட்டு வந்தான். வலது விலா தெறந்து கெடந்துது."

தோன் அனாக்லேத்தோ, பத்தொன்பது வருடமாக யார் யாரையெல்லாமோ தராசில் வைத்திருக்கிறோம். எத்தனை பேரைப் படுக்க வைத்தான், படுத்தவர்கள் யார், எத்தனையாவது ரவுண்டு என்று. வாழ்க்கையில் முதல் முறையாகத் தாடையில் இடி விழுந்த ஒருவன், மண்டைக்குள் அடிக்கிற மணியையும் மேசையில் அடிக்கிற மணியையும் பிரித்துப் பார்த்தான் என்றால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்த எட்டு நொடியில் அவன் காலடிகளை நானும் கேட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால் நன்றாக நினைவிருக்கிறது. பயந்தவனின் கால் படபடக்கும். இவன் கால், ஐஸ் பாளத்தோடு படியேறுகிறவன் கால்போல ஒவ்வொன்றாக விழுந்தது.

ஓட்டில்லாதவன் என்பதால் தைரியமாகவே சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் இரண்டாவது இடம். சாம்பியனுக்கு அடுத்தபடி இவன்தான். ரொட்டிக்கடைக்காரரையும் தாத்தாவையும் கழித்துவிட்டுச் சொல்கிறேன். என் ஓட்டை நீக்கிவிட்டு, விதிக்கு உட்பட்டு வேறு ஏதாவது வழி இருந்தால் தாங்கள் பார்க்க வேண்டும். வழி இல்லையென்றாலும் ஆகஸ்டு மாதத்துக்குள் யாரையாவது அனுப்பி அவனை ஒரு முறை பாருங்கள். கண்ணால் பார்க்கிற ஆளாக அனுப்புங்கள். இத்தோடு குழந்தையை ஏந்தியவன் நான்தான் என்பதற்குக் கோயில் பதிவேட்டின் நகலையும் நாளைக் காலை வாங்கி இணைத்துவிடுகிறேன். எழுத்தில் ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாதவர் தாங்கள் என்பதை அறிவேன்.

எர்லிண்டா நாலாவது தடவையும் சொல்லிவிட்டாள். கிழிக்கவில்லை. அவள் சார்பில் தங்கள் துணைவியாருக்கு அன்பும், தங்கள் இரைப்பைக்குக் கொதித்து ஆறிய கெமோமில் தண்ணீரும் சிபாரிசு செய்கிறேன். தங்கள் மேசையும் அச்சு இயந்திரமும் ஓய்வில்லாமல் ஓடட்டும். தங்களுக்குப் பொய்யாக ஒரு எண்ணும் அனுப்பாதவன் என்ற பெயரோடு விடைபெறுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இலாரியோ போஹோர்கேஸ்
மணிக்காரன், எர்மோசியோ அரங்கம்

பின்குறிப்பு, புதன் காலை: மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடுங்கள்.

நகல் வாங்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. குழந்தையின் பெயர்: அனாக்லேத்தோ சிப்ரியானோ. ஞானத்தகப்பன்: தோன் அனாக்லேத்தோ ரிவதெனெய்ரா, பத்திரிகை ஆசிரியர், தலைநகர். வர இயலாத அன்னாரின் சார்பில் குழந்தையை ஏந்தியவர்: இலாரியோ போஹோர்கேஸ். இன்னொருவர் சார்பில் ஏந்துகிறவனுக்கு அந்த உறவு சேராது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பக்கத்தில் தங்கள் சம்மதக் கடிதம் ஊசி குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. "தங்கள் அன்பான மடல் கிடைத்தது. தங்கள் வேண்டுகோளை மனமகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்." கீழே தங்கள் ரப்பர் முத்திரைக் கையெழுத்து. வாசகர்கள் எல்லோருக்கும் தங்கள் அலுவலகம் அனுப்புகிற அதே அச்சடித்த அட்டைதான், என்னிடமே பதினேழு இருக்கிறது. ஆனால் தோன்யா தெல்ஃபினா எழுதிய மடலில் வேண்டுகோள் என்ன என்பதைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவர் படித்திருக்கலாம்.

நேராக அந்த அம்மாளிடம் போனேன். "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றேன். "நீங்க விதி கிதின்னு சொன்னதும் பயந்துட்டேன். பத்திரிகைக்காரரே வீட்டு ஆளுன்னு தெரிஞ்சா பட்டியலே நின்னுருமோன்னு" என்றார். "அதுக்காக மூணு நாளா என்னை ஞானத்தகப்பன்னு நெனைக்க விட்டீங்களே" என்றதற்கு, "புடிச்சுக்கோங்கன்னுதான சொன்னேன், வச்சுக்கோங்கன்னா சொன்னேன்?" என்று கேட்டார். பன்னிரண்டாம் விதியை நாலு தடவை படித்துவிட்டேன். ஓட்டுப் போடுகிறவர்களைப் பற்றித்தான் அது பேசுகிறது. தாங்கள் எண்ணுகிறவர், ஓட்டுப் போடுகிறவர் அல்ல. தங்களுக்கு ஒரு தடையும் இல்லை, எனக்கும் இல்லை. குழந்தை மூன்றேகால் கிலோ, ஆரோக்கியமாக இருக்கிறான், தங்களுக்கு வாழ்த்துகள்.

ஆகவே என் ஓட்டு செல்லும். எண்ணை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நேற்று ஓட்டு இல்லாதபோது இரண்டாவது இடத்தை வாரி வழங்கிவிட்டேன். இன்று ஓட்டு என் கையில் இருக்கிறது. அவனுக்கு மேலே இருக்கிற ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பத்து ரவுண்டு போனவர்கள், அதில் இரண்டு மூன்று முறை விழுந்து எழுந்தவர்கள். அவன் இன்னும் ஐந்தாவது ரவுண்டையே பார்க்கவில்லை. ஏழு என்று எழுதியிருக்கிறேன், கொம்பாத்ரே. பத்துக்குள் மூன்று ஓட்டு ஆகிவிட்டது, அவன் உள்ளே. ஏழுக்கு மேலே நான் கொடுத்தால் அது நான் கொடுத்ததாக இருக்கும், அவன் சம்பாதித்ததாக இருக்காது.

தபால் பெட்டிக்குப் போகும் வழியில் ஐஸ் தொழிற்சாலை வாசலில் சிப்ரியைப் பார்த்தேன், உறையைப் பிரித்து இதையும் சேர்க்கிறேன். தங்களிடம் இரண்டு என்று சொல்லிவிட்டு ஏழு என்று எழுதிய ஆள், தலையைக் குனிந்துகொண்டு எண்ணை மட்டும் சொன்னேன். அவன் சாக்கைத் தோளில் போட்டு, பாளத்தை அதன்மேல் ஏற்றிக்கொண்டான்.

"அப்ப எனக்கு மேல ஆறு பேருதானா?" என்றான்.